உயிர்ப்பும் மீட்பும்: யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மரபின் நோக்கில்

கிறிஸ்தவ சமயம் போதிக்கும் மீட்பு பாவமன்னிப்போடு நின்றுவிடுவதன்று. பாவத்தின் கூலியாகிய சாவும் வெல்லப்பட்டாலன்றி அது நிறைவுபெறாது. இயேசுவின் வரலாறு சிலுவையோடு முடிந்திருந்தால், நீதிமான் ஒருவர் அநியாயமாகக் கொல்லப்பட்டார் என்ற செய்தி மட்டுமே எஞ்சியிருக்கும். அப்படிக் கொல்லப்பட்டோர் உலகில் ஏராளம். அவர்களில் எவரையும் திருச்சபை மீட்பர் என்று அறிக்கையிடவில்லை.

ஏறக்குறைய கி.பி. 55இல் கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரமே இதற்கு மூலச் சான்று. கிறிஸ்து இறந்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார் என்ற அறிக்கையைத் தாம் புதிதாகச் சொல்லவில்லை, தமக்கு முன்னிருந்தோரிடம் பெற்றதையே ஒப்படைப்பதாகப் பவுல் கூறுகிறார். பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு எனச் சாட்சிகளையும் வரிசைப்படுத்துகிறார். பின்னர், எதிர்வாதத்தை அதன் கடைசி எல்லைவரை தாமே கொண்டுபோய்ப் பார்க்கிறார். கிறிஸ்து எழுப்பப்படவில்லையென்றால் நம்பினோரின் பாவம் தீரவில்லை, இறந்துபோனோருக்கும் கதியில்லை. உயிர்ப்பை ஐயத்துக்குரியதாக விட்டுவிட்டு, இயேசுவின் அறப்போதனையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் வழியை அவர் திறந்து வைக்கவில்லை.

இதன் காரணத்தை உரோமர் நிருபம் (4:25) தெளிவாக்குகிறது. இயேசுவின் மரணம் மனிதரின் குற்றங்களுக்காக, அவரது உயிர்ப்பு அவர்களை நீதிமான்களாக்குவதற்காக என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. தேவதூஷணம் என்றும் அரச துரோகம் என்றும் இரண்டு மன்றுகள் அவர்மீது குற்றஞ்சாட்டித் தண்டித்தன. அவரை எழுப்பியதன் மூலம் அத்தீர்ப்பைக் கடவுளே இரத்துச்செய்தார். சிலுவைப் பலி ஏற்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி கிறிஸ்தவ நம்பிக்கையில் இல்லை.

இறந்தவர் எழும்பும் கதை தமிழருக்குப் புதிதன்று. அரவு தீண்டி இறந்த அப்பூதியடிகளின் மகனை அப்பர் எழுப்பியதையும், சாம்பலாகிவிட்ட பூம்பாவையைச் சம்பந்தர் மயிலாப்பூரில் எழுப்பியதையும் பெரியபுராணம் கூறும். நற்செய்தியிலும் லாசர் எழுப்பப்படுகிறார். இவர்கள் அனைவரும் இந்த வாழ்வுக்கே மீண்டவர்கள். மறுபடியும் இறக்க வேண்டியவர்கள். இயேசுவின் உயிர்ப்பு அவ்வகையைச் சேர்ந்ததன்று. சாவு இனி எட்டமுடியாத வாழ்வுக்குள் அவர் உடலோடு புகுந்தார் என்பதே அதன் பொருள். ஆகவேதான் அது தனியொருவருக்கு நேர்ந்த அற்புதமாக அடங்கிவிடாமல் எல்லாரையும் தழுவுகிறது. பவுல் இதற்கு முதற்பலன் என்ற உவமையை எடுத்தாள்கிறார். யூதர் பாஸ்கா காலத்தில் முதற்கதிர்க் கட்டை ஆலயத்துக்குக் கொண்டுசெல்வர். தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதிர் வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் வயல் முழுவதும் விளைந்துவிட்டது. மிச்ச அறுவடை பின்னால் வரும்.

கிறிஸ்தவ மீட்புக் கோட்பாடு சைவ சித்தாந்தத்தினின்று மிகத் தெளிவாகப் பிரியும் இடமும் இதுவே. சித்தாந்தத்தில் ஆன்மா அநாதியானது. தனு, கரணம், புவனம், போகம் ஆகியவை மலம் பரிபாகமடைவதற்காக இறைவன் அருளால் கொடுத்த கருவிகள். கருவியின் பணி முடிந்தபின், முத்திநிலையில் உடலுக்கு இடமில்லை. உடலை இழிவாகக் கருதி எழுந்த முடிவென்று இதைச் சொல்வது நியாயமாகாது. அருளை நடுவாகக் கொண்ட ஆழமான தத்துவம் அது. கிறிஸ்தவமோ ஆன்மாவையும் உடலையும் படைக்கப்பட்டவை என்றே கொள்கிறது. உடல் கழற்றிப்போடும் கருவியன்று; மீட்கப்பட வேண்டிய மனிதனின் பாதி. உடலின் மீட்பையும் படைப்பு முழுவதன் விடுதலையையும் உரோமர் நிருபத்தின் 8ஆம் அதிகாரம் சேர்த்தே பேசுகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் பற்றிய கோட்பாட்டை ஒப்பிட்டு 1964இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அருள் என்ற சொல்லை இரு சமயங்களும் பொதுவாகக் கையாளும் மண்ணில், அந்த ஒப்பீட்டின் தேவையை அவர் உணர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இன்னொரு இறையியலாளரான டி. ரி. நைல்ஸ், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1968ஆம் ஆண்டு உப்சாலா பேரவையில் தொடக்கப் பிரசங்கம் நிகழ்த்தினார். அப்பேரவையின் கருப்பொருளே யாவும் புதிதாக்கப்படுதல். உயிர்ப்பின் பரப்பு அவ்வளவு பெரிது.

இத்தகைய கோட்பாடு இருந்தும், யாழ்ப்பாணக் கிறிஸ்தவ பக்தியின் பாரம் நெடுங்காலம் பெரிய வெள்ளியின் பக்கமே சாய்ந்திருந்தது. தவக்காலத்தில் ஒலிக்கும் வியாகுல பிரசங்கம், சிலுவைப்பாதை, மரியன்னையின் புலம்பல் ஆகியவை மக்கள் மனத்தில் ஊன்றிய அளவுக்கு உயிர்ப்பு ஞாயிறு ஊன்றவில்லை. வியாகுல பிரசங்கம், 1705இல் இலங்கைக்கு வந்த கோவா குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் பெயரால் வழங்குவது. 1965இல் மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் பெரும் அரங்குகளில் வளர்த்தெடுத்ததும் திருப்பாடுகளின் காட்சியையே. இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் ஆட்சி வந்ததும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் யோசே வாஸ் அடிகள் கூலியாள் வேடத்திலேயே குடாநாட்டுக்கு வர நேர்ந்தது. ஒளிந்து செபித்த மக்கள் பாடுபட்ட கிறிஸ்துவில் தம்மைக் கண்டது இயல்பே. மேலை இறையியலும் இச்சாய்வுக்குத் துணைநின்றது. கடவுள் மனிதரானது ஏன் என்ற வினாவுக்கு 1098இல் அன்செல்ம் எழுதி முடித்த விடையில் சிலுவை செலுத்தும் ஈடே நடுவிடம் பெறுகிறது. 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் பிரசங்கத்திலும் சிலுவையின் பரிகாரப் பலியே முதன்மை பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. உயிர்ப்பே மீட்பின் மறைபொருள் என்று நிறுவும் துர்வெல் அடிகளின் பிரெஞ்சு நூல் 1950இல் வெளியானது. அதுவரை சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிட்ட பாஸ்கா திருவிழிப்பை 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். புது நெருப்பும் பாஸ்காத் திரியும் திருமுழுக்கு வாக்குறுதிப் புதுப்பிப்பும் மக்கள் கூடும் வழிபாடாயின. இறந்து எழுதல் என்பதைப் பவுல் திருமுழுக்கோடு இணைத்துப் பேசியிருப்பதால் (உரோமர் 6), இது வெறும் சடங்குத் திருத்தமன்று.

இலங்கையின் உள்நாட்டுப் போரும் அதன் பின்வந்த ஆண்டுகளும் இக்கோட்பாட்டை வேறொரு கோணத்திலும் சோதித்தன. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறு அன்றே, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்கள் தாக்கப்பட்டன. இங்கு மன்னிப்பை மட்டும் பேசும் மீட்புக் கோட்பாடு போதாது. கொல்லப்பட்டவர்களுக்குரிய நீதி எங்கே என்ற வினா நிற்கிறது. அநியாயத் தீர்ப்பால் கொலையுண்டவரைக் கடவுள் எழுப்பினார் என்ற சாட்சி அவ்வினாவை நேராக எதிர்கொள்கிறது: கொலைஞரின் சொல் இறுதித் தீர்ப்பன்று. ஆயினும் உயிர்த்தவர் சீடருக்குக் காட்டியது தம் காயங்களையே. பட்ட துன்பம் மறக்கப்படுவதில்லை, மாற்றுரு பெறுகிறது என்பதை யோவான் நற்செய்தி (20ஆம் அதிகாரம்) இவ்வாறு உணர்த்துகிறது.

யாழ்ப்பாணக் கிறிஸ்தவர் இறந்தோரைச் சேமக்காலையில் அடக்கம்பண்ணுவதன் அடிப்படையும் உடலின் உயிர்ப்பே. தகனத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் தடுத்திருந்தது. 1963இல் அதற்கு இசைவளித்தது. உடலின் உயிர்ப்பை மறுக்கும் நோக்கத்தோடு அதைத் தெரிந்துகொள்ளக்கூடாது என்ற நிபந்தனை இன்றளவும் உண்டு.