ஆற்றுவாழை வந்த வரலாறு

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியது" என்பது நம்மவர் முதுமொழி. களனி கங்கைக்கு அப்பாலுள்ள வாய்க்கால்களில் ஊதா மலர் சூடி மிதக்கும் ஆற்றுவாழைக்கு இம்மொழி நன்கு பொருந்தும்.

இதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன் பிரதேசம். மலரின் அழகில் மயங்கிய மனிதரே இதனை உலகெங்கும் பரப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது யப்பானிய விமானங்களை ஏமாற்றவே இது இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டதென ஒரு கதை வழங்குகின்றது. சிங்களத்தில் இதற்கு 'யப்பான் ஜபர' என்றே பெயர். ஆயினும், இதனைத் தடுக்கும் சட்டம் 1909ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. கதை சுவையானது, ஆண்டுக்கணக்கோ அதற்கு இடந்தரவில்லை.

சட்டம் இருந்தும் செடி அடங்கவில்லை. ஒடிந்த சிறு துண்டும் புதுச் செடியாகும். அது நீரை மூடினால் ஒளி புகாது, பிராணவாயு குறையும், மீன்கள் மடியும், ஓடம் செல்லாது.

1939இல் தாவரவியற் கல்விக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியாவும் வயல்களையும் குளங்களையும் அவ்வாறே பற்றியது. 1986இல் அவுஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு வண்டே அதனைப் பெரிதும் அடக்கியது. அவ்வண்டின் பூர்வீகம் பிரேசில். தாயகத்தில் செடியை உண்ணும் பகை உண்டு. இங்கு செடி மட்டுமே வந்தது, பகை வரவில்லை. தொல்லையின் மூலம் இதுவே.

இளைஞர்காள்! மீன்தொட்டியில் மிஞ்சிய செடியையோ மீனையோ வாய்க்காலில் விடுவது சிறு செயலெனத் தோன்றும். ஆற்றுவாழையும் ஒரு காலத்தில் அழகுச் செடியாகவே வந்தது. கொண்டுவருதல் எளிது, களைதல் அரிது.