ஒரு பையனுக்கு ஓர் அண்ணன்

கோயில் மண்டபங்களில் வார இறுதி நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடமும் தேவாரமும் சொல்லிக்கொடுக்கும் தொண்டர்களைத் தமிழர் வாழும் பல ஊர்களில் காணலாம். உறவில்லாத ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்று, அவன் ஆளாகும் வரை கூடவே நிற்பது அதைவிடக் கடினமான தொண்டு. அது ஓர் இயக்கமாக உருவான வரலாறு அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அவ்வரலாற்றில் பெருமைப்படத்தக்க பகுதிகள் உண்டு. நல்லெண்ணம் படைத்தோரைத் திடுக்கிட வைத்த ஒரு பகுதியும் உண்டு.

குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே நீதிமன்றத்தில் நிறுத்துவதே அந்நாட்டு வழக்கமாக இருந்தது. 1899இல் சிக்காகோவில் சிறுவர்களுக்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. 1902இல் நியூயார்க்கிலும் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே குமாஸ்தாவாகப் பணியாற்றியவர் ஏர்னஸ்ட் கோல்ட்டர். அவர் முன்னே வந்து நின்ற சிறுவர்களில் பலர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடிக் குடியேறியவர்களின் பிள்ளைகள். தகப்பன் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புவான். தாய்க்கு ஊர் மொழி தெரியாது. பையனுக்குத் தெருவே பள்ளிக்கூடம். இந்தக் காட்சி குடியேறிய எந்தச் சமூகத்துக்கும் புதிதல்ல.

1904 டிசம்பரில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஆண்கள் சங்கத்தில் பேச கோல்ட்டர் அழைக்கப்பட்டார். அவர் நன்கொடை எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பையனைத் தம்பியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே கேட்டார். அன்றே 40 பேர் முன்வந்தனர். ‘பெரிய அண்ணன்மார்’ இயக்கத்தின் பிறப்பு இதுவே. பெண்பிள்ளைகளுக்காக நியூயார்க்கில் கத்தோலிக்க மாதர்கள் 1902 முதலே இதே பணியைச் செய்துவந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். புரட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கர், யூதர் எனச் சமயத்துக்கு ஒரு சங்கமாக இத்தொண்டு பரவிற்று. பின்னர் 1977இல் அண்ணன்மார் இயக்கமும் அக்காமார் இயக்கமும் ஒரே ஸ்தாபனமாக இணைந்தன.

இனி அந்தத் திடுக்கிடும் கதை. பாஸ்டன் நகரில் ரிச்சர்டு காபட் என்ற புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். அன்புள்ள ஒரு பெரியவரின் நட்பு நீண்டகாலம் கிடைத்தால் எந்தப் பையனும் வழிதவற மாட்டான் என்பது அவர் நம்பிக்கை. அதை நிரூபிக்கவும் விரும்பினார். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரு ஊர்களிலிருந்து சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வயது, குடும்பம், குணம் ஆகியவற்றில் ஒத்த இருவர் இருவராக அவர்களைச் சேர்த்து, நாணயத்தைச் சுண்டிப் போட்டு, ஒருவனுக்கு மட்டும் வழிகாட்டி அளிக்கப்பட்டார். பணி 1939இல் தொடங்கிற்று. காபட் அந்த ஆண்டே காலமானார். வழிகாட்டிகள் சராசரியாக மாதம் இருமுறை வீட்டுக்குச் சென்றனர். பாடம் சொல்லிக்கொடுத்தனர், வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தனர், கோடை முகாம்களுக்கு அனுப்பினர். சராசரியாக ஐந்து ஆண்டுகள் இது நடந்தது. இடையில் உலகப்போர் வந்து வழிகாட்டிகள் பலரை அழைத்துக்கொண்டது. 1945இல் திட்டம் முடிந்தது.

முப்பதாண்டுகள் கழித்து ஜோன் மக்கார்டு என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். மொத்தம் 506 பேர். அதற்குள் நடுவயதை அடைந்துவிட்டிருந்தனர். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். சிலர் தங்கள் வழிகாட்டியை அன்போடு நினைவுகூர்ந்தனர். ஆனால் 1978இல் வெளியான கணக்கு வேறு கதை சொன்னது. மீண்டும் குற்றம் செய்தல், குடிப்பழக்கம், கடும் மனநோய், அகால மரணம் ஆகியவை உதவி பெறாத பாதியினரைவிட உதவி பெற்ற பாதியினரிடையே அதிகமாக இருந்தன!

காரணம் என்ன என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. வெளியார் உதவியை நம்பியிருக்கப் பழகிய பிள்ளை, அது நின்றதும் தடுமாறியிருக்கலாம் என்று மக்கார்டு கருதினார். பின்னாளில் 1999இல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் மற்றொரு காரணம் சுட்டப்பட்டது. மீண்டும் மீண்டும் கோடை முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே தீமை அதிகம் காணப்பட்டது. முரட்டுப் பையன்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் எதைக் கற்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கோல்ட்டரின் வழியும் தவறுதானா? அதைச் சோதித்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. எட்டுக் கிளைகளில் 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். பதினெட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அண்ணனோ அக்காவோ கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு, காத்திருந்தவர்களைவிட 46 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறத்தாழப் பாதியாகியிருந்தன. கூட்டமும் முகாமும் இல்லாத, ஒருவருக்கு ஒருவர் என்ற நட்புக்குக் கிடைத்த பலன் இது.

அந்த ஆண்டே அதே ஆய்வாளர் குழு வேறொன்றையும் கவனித்தது. பையனைத் திருத்தியே தீருவது என்று புத்திமதியோடு தொடங்கியவர்களின் நட்பு பெரும்பாலும் சீக்கிரமே முறிந்தது. முதலில் பந்து விளையாடி, மீன் பிடிக்கப் போய், அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்களின் நட்பு நிலைத்தது. புத்தி சொல்வதில் நம் பெரியவர்களும் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லவே!

2002இல் அதே ஆய்வின் விவரங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. ஓராண்டுக்கு மேல் நீடித்த நட்பே பெரும்பலன் தந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் தொண்டர் கைவிட்டுப்போன பிள்ளைகளுக்கோ, யாருமே வராத பிள்ளைகளைவிடத் தன்மதிப்புத் தாழ்ந்திருந்தது. தன்னிடம்தான் ஏதோ குறை என்று அப்பிள்ளை எண்ணிக்கொள்கிறது போலும்.

ஆகவே அந்த ஸ்தாபனத்தில் தொண்டராகச் சேர்வது அவ்வளவு சுலபமல்ல. பின்னணி விசாரிக்கப்படும், நேர்காணல் நடக்கும், பெற்றோரின் சம்மதம் பெறப்படும். பிறகும் ஓர் ஊழியர் பெற்றோர், பிள்ளை, தொண்டர் மூவரிடமும் தொடர்ந்து விசாரித்து வருவார். குறைந்தது ஓராண்டு வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. இன்றும் பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியலில் பையன்களே அதிகம். முன்வரும் ஆண்களோ குறைவு.