மகளார், தேவியார், தாயார்: செம்பியன் மாதேவியின் குலமரபும் கற்றளிகளும்

பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் அரசகுலப் பெண் ஒருவர் கொடை அளிக்கும்போது, அவர் இன்னாருடைய மகளார், இன்னாருடைய தேவியார் என்னும் உறவு முறையே பெரும்பாலும் அவரது அடையாளமாக எழுதப்பட்டது. பராந்தகன் மாதேவடிகளான செம்பியன் மாதேவியார் என்று குறிக்கப்படும் அரசியாருக்கு இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு தொடரும் சேர்ந்தது. மழவரையர் மகளார், கண்டராதித்த தேவரின் தேவியார், உத்தம சோழ தேவரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என அவர் கல்லில் இடம்பெறுகிறார். திருவயிறு வாய்த்தல் என்பது ஈன்றெடுக்கும் பேறு பெற்றதைக் குறிக்கும் மரியாதை வழக்கு. வெறும் முகவரி போலத் தோன்றும் இம்மூன்று தொடர்களும் சோழ அரசுரிமையின் சிக்கலான ஒரு காலகட்டத்தைத் தம்முள் அடக்கியவை.

முதல் தொடர் பிறந்த வீட்டைச் சுட்டுகிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமழபாடியை உள்ளடக்கிப் பரந்திருந்த நிலப்பகுதி மழநாடு எனப்பட்டது. அதை ஆண்ட மழவர் சங்கப் பாடல்களிலேயே பேசப்படும் பழங்குடியினர். சோழர் பேரரசாக வளர்ந்தபோது மழவர், பழுவேட்டரையர், இருங்கோளர், மலையமான் ஆகிய குறுநிலக் குடிகளை வாளால் மட்டுமன்றி மணவுறவாலும் தம்மோடு பிணைத்துக்கொண்டனர். பெண் கொடுத்த குடி அரசனின் படைக்கு ஆள் தந்தது. பதிலுக்கு அரண்மனையில் மதிப்புப் பெற்றது. செம்பியன் என்பது சோழரைக் குறிக்கும் பெயராதலால் 'செம்பியன் மாதேவி' என்பது சோழனின் பெருந்தேவி என்று பொருள்படும் பட்டமேயாகும். பிறந்த குடியைக் கணவன் குடியின் பட்டம் மறைத்துவிடாதபடி, 'மழவரையர் மகளார்' என்ற தொடர் அதை நினைவில் நிறுத்தியது.

இரண்டாம் தொடர் புகுந்த வீட்டைச் சுட்டுகிறது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் மாண்டபின், இளையவரான கண்டராதித்தர் அரசுரிமை பெற்றார். இராட்டிரகூடரிடம் வடபகுதிகளை இழந்திருந்த நாட்டை அவர் ஏறத்தாழ 957 வரை ஆண்டார். ஒன்பதாம் திருமுறையில் இடம்பெறும் தில்லைத் திருவிசைப்பாப் பதிகம் ஒன்று அவர் பாடியதாகும். அவர் மறைந்தபோது மகன் உத்தமன் சிறுவனாக இருந்தமையால் ஆட்சி தம்பி அரிஞ்சயனுக்கும், அவன் வழியில் சுந்தர சோழனுக்கும் சென்றது. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டபின், ஏறத்தாழ 971-இல் உத்தமன் அரியணை ஏறினான். அருண்மொழி, அதாவது பிற்கால முதலாம் இராசராசன், சிற்றப்பனுக்கு அரசை விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் மூன்றாம் தொடரின் கனம் விளங்கும். உத்தமனின் உரிமை தந்தை வழி மூத்த கிளையைச் சார்ந்தது. ஆனால் அக்கிளை அரியணையை விட்டு நீங்கி ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்டராதித்தரின் தேவி, உத்தமனின் தாய் என்னும் இரண்டையும் ஊர்தோறும் கல்லில் சேர்த்து எழுதியது, அறுந்துபோன அந்த இழையை மீண்டும் முடிந்த செயலாகவே அமைந்தது.

அரசகுலக் கைம்பெண்ணாக அவர் பெற்றிருந்த நிலையும் குறிப்பிடத்தக்கது. சுந்தர சோழன் இறந்தபோது அவனுடைய தேவி வானவன் மாதேவி கைக்குழந்தையைப் பிரிந்து கணவனோடு உயிர் நீத்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு போற்றுகிறது. அதே குடும்பத்தில் அதே தலைமுறையையொட்டி வாழ்ந்த செம்பியன் மாதேவியோ கணவனுக்குப்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அக்காலம் முழுவதையும் கோயிற் பணியில் செலவிட்டார். அதற்கு முன்பே 941-இல், மாமனார் பராந்தகனின் ஆட்சியில், உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலுக்கு அவர் விளக்குக் கொடை அளித்தார். 1001-இல், இராசராசன் ஆட்சியில், திருவக்கரைக் கோயிலில் அவருடைய திருப்பணி நடந்தது. இவ்விரண்டுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் உள்ளன.

அவருடைய பணியின் மையம் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றியதாகும். தளி என்பது கோயில். கருங்கல்லால் எடுக்கப்பட்டது கற்றளி. தேவாரம் பாடப்பெற்ற பல தலங்களில் செங்கல்லும் மரமும் காலத்தால் சிதைந்திருக்க, திருநல்லம், விருத்தாசலம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை, ஆரூர் அரநெறி முதலிய இடங்களில் அவர் கல்லால் கோயில் எடுப்பித்தார். இக்கோயில்களின் புறச்சுவரிலுள்ள தேவகோட்டங்கள், அதாவது தெய்வ உருவங்களை வைக்கும் மாடங்கள், முன்பைவிட எண்ணிக்கையில் கூடின; ஆடவல்லானின், அதாவது நடராசரின், உருவம் தென்சுவரில் நிலையான இடம் பெற்றது. எனவேதான் கலை வரலாற்றாளர் இக்காலப் பாணியை அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

இன்று கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் அக்கோயிலைக் கணவர் கண்டராதித்தரின் பெயரால் அவர் எடுப்பித்தார். அங்குள்ள புடைப்புச் சிற்பம் ஒன்றில் இலிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடும் நிலையில் கண்டராதித்தர் காட்டப்பட்டுள்ளார். அவ்வுருவம் யாருடையது, கோயிலை எடுப்பித்தவர் யார் என்பதை அதன் கீழுள்ள எழுத்துகள் தெரிவிக்கின்றன. ஆண்ட காலம் குறுகியதாயினும் அவ்வரசரின் உருவத்தை மனைவியின் கொடை கல்லில் நிறுத்திவிட்டது.

திருக்கோடிகாவலில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. பழைய கட்டடத்தைப் பிரித்தபோது, முந்தைய மன்னர் காலத்துக் கொடைகளைப் பொறித்திருந்த கற்கள் பெயர்ந்தன. கல்வெட்டு என்பது அக்காலத்தில் சொத்துப் பத்திரம் போன்றது. ஒரு விளக்குக்காக விடப்பட்ட 90 அல்லது 96 ஆடுகளும், அவற்றை ஏற்று நாள்தோறும் நெய் அளக்க வேண்டிய கடப்பாடும் அந்த எழுத்தையே சார்ந்திருந்தன. ஆகவே பழைய வாசகங்கள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவற்றின் மேல் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. படி என்பது நகல். மூலம் போனபின் நகலே மூலமாக நிற்கும் என்பதை அறிந்து, அது நகல் என்பதையும் ஒளிக்காமல் எழுதிய நேர்மை அதில் உள்ளது. பல்லவர் காலக் கொடையாளர் சிலரின் பெயர்கள் இன்றளவும் படிக்கக் கிடைப்பது இப்பணியால்தான்.

கோயில் எடுத்தவரைப் பற்றிய நினைவு எல்லா ஊர்களிலும் இவ்வாறு நிலைப்பதில்லை. சங்கரன்கோவிலில், நகர மறுத்த யானையையும், காட்டைத் திருத்திக் கோயில் கட்டிய உக்கிரபாண்டியரையும் தலவரலாறு வழிவழியாகச் சொல்லி வருகிறது. அங்கே நினைவைச் சுமப்பது கதை. செம்பியன் மாதேவி செய்தவற்றுக்கோ ஆட்சியாண்டும் நிலத்தின் எல்லையும் கொடையின் அளவும் குறித்த கல்லே சான்று.

நாகப்பட்டினத்துக்கு அருகே அவர் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில் கைலாசநாதர் கோயில் உள்ளது. அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் அங்கே சிறப்பு வழிபாடு நடப்பதற்கு உத்தம சோழனின் தேவியர் கொடை அளித்தனர். அக்கல்வெட்டுகளில் அத்தேவியரும் இன்னார் மகளார் என்றே இருங்கோளர், பழுவேட்டரையர் முதலிய குடிகளோடு சேர்த்து எழுதப்பட்டுள்ளனர். மாமியாரின் பெயரைக் காக்க முனைந்த மருமக்கள் அவ்வாறே தம் பிறந்த குடிகளையும் பதிவு செய்துவிட்டனர். உத்தமனுக்குப்பின் 985-இல் அரியணை இராசராசனுக்குச் சென்றது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் கீழ்க் கோயில் நிர்வாகத்தை ஆராயும் அதிகாரியாகப் பணியாற்றினான். அரசுரிமை அக்கிளையை விட்டு நீங்கியது. கோயிற் பணி நீங்கவில்லை.

1019-இல், முதலாம் இராசேந்திரன் ஆட்சியில், அவ்வூர்க் கோயிலில் செம்பியன் மாதேவியின் திருவுருவம் எழுந்தருளுவிக்கப்பட்டு அதன் வழிபாட்டுக்கு நிவந்தமும், அதாவது நிலையான மானியமும், ஏற்படுத்தப்பட்டது. அதைச் செய்தவன் அவருடைய மகன் வழிப் பேரன் அல்லன். அரியணையில் அவர் மகனுக்குப்பின் வந்த இராசராசனின் மகன். மகளார், தேவியார், தாயார் என்று பிறரைக் கொண்டு அறியப்பட்டவரின் பெயரைக் காக்கும் பொறுப்பை, அவருடைய சொந்தக் கிளையைச் சேராத ஓர் அரசன் ஏற்றுக்கொண்டான்.