பன்னியதும் நூற்றதும்

அண்மையில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் சிறப்புரை ஆற்றியவர் 'நூல்' என்ற சொல்லுக்கு விளக்கம் சொன்னார். அந்தக் காலத்தில் பனையோலைகளைத் துளையிட்டு நூலால் கோத்துக் கட்டினார்களாம். அதனால் புத்தகத்துக்கு நூல் என்று பெயர் வந்ததாம். அரங்கம் கைதட்டியது. இதே விளக்கத்தைப் பள்ளி ஆண்டு விழாக்களில் கேட்டிருக்கிறேன், வார இதழ்த் துணுக்குகளில் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பொறுப்பதில்லை. விளக்கம் தவறு என்பதோடு முடிந்தால் பேசாமல் இருந்துவிடலாம். வீட்டுக்குள் உட்கார்ந்து பஞ்சை இழையாக்கிய ஒரு பெண்ணின் கைவேலையை அந்தச் சொல்லிலிருந்து துடைத்துவிட்டு, அங்கே ஒரு கட்டுக்கயிற்றை வைக்கிறார்கள்.

ஓலைகளைக் கோத்தது கயிறு. சுவடிக் கயிறு என்பதே வழக்கு. கோத்துக் கட்டிய பொருளுக்கு ஏடு, சுவடி என்று தனிப் பெயர்கள் இருக்கின்றன. ஊர்க் கணக்குப்பிள்ளையின் வரவுசெலவுக் கட்டும் அப்படித்தான் கட்டப்பட்டது. அதை நூல் என்று சொன்னார் உண்டா? ஆனால் ஓலையில் ஏறாமல் மாணவன் நாவிலேயே நின்றாலும் தொல்காப்பியம் நூல்தான். சுவடி கட்டுக்குப் பெயர், நூல் ஆக்கத்துக்குப் பெயர்.

'நுவல்' என்ற சொல்லே சுருங்கி நூலாயிற்று என்பாரும் உளர். அப்படியானால் தெலுங்கில் 'நூலு' என்றும் கன்னடத்தில் 'நூல்' என்றும் வழங்கும் சொற்கள் வெறும் இழையையே குறிப்பது எப்படி? வடமொழிச் 'சூத்திர'த்தின் மொழிபெயர்ப்பே நூல் என்பது இன்னொரு கட்சி. சூத்திரமும் இழையைக் குறிக்கும் சொல் என்பது உண்மையே. ஆனால் தொல்காப்பியச் செய்யுளியலில் நூல் பெரிது, சூத்திரம் அதன் உறுப்பு. உறுப்பின் பெயரை மொழிபெயர்த்து முழுமைக்கு வைத்தார்கள் என்றால், அதைச் சொல்பவர்தான் நிறுவ வேண்டும்.

இதில் நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. இறையனார் களவியல் உரை எப்போதோ சொல்லிவிட்டது. பஞ்சின் நுண்ணிய நுனிகள் பலவற்றைக் கைத்திறம் வாய்ந்த ஒரு பெண் ஒரே இழையாக்குவதுதான் உலகத்தார் நூற்றல் என்பது. பரந்து கிடக்கும் சொற்களைப் பெரும்புலவன் அப்படியே ஒழுங்குபடக் கோப்பது நூல் செய்தல். நூற்கப்படுவதால் அது நூல். உரையாசிரியர் அவளுக்குத் தரும் பெயர் 'கைவன் மகடூஉ'. கைவன்மை உடையவள். நாம் இன்று கைவினை என்று ஏதோ ஓய்வுநேரப் பொழுதுபோக்கைப் போலச் சொல்கிறோமே, அந்தக் கைத்திறத்தை அவர் புலவனின் உணர்வு மாட்சிக்கு நேராக வைக்கிறார். தச்சனின் நூலைப்போலச் செப்பம் செய்வதால் நூல் என்ற கருத்தும் அவருக்குத் தெரியும். அதை 'ஒருசாரார்' கருத்து என்று பின்னால் நிறுத்துகிறார். அதுவே முறை. தச்சன் கையில் நூல் இருக்கவேண்டுமானால், அதற்கு முன் ஒருத்தி நூற்றிருக்க வேண்டும்.

நன்னூல் பொதுப்பாயிரமும் இதே வழியில்தான் போகிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு நூற்கும் கதிர். புலவன் யார் என்றால், நூற்கும் பெண்! ஆண்பாற் புலவர்களின் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வெண்பாவைப் படித்துப் பாருங்கள். பேனா பிடித்தவனை ராட்டையின் முன் உட்காரவைக்கும் துணிவு அதில் இருக்கிறது.

அங்கே இழைக்கு வரும் சொல் 'பனுவல்'. என் மனம் அதிகம் தங்குவது இந்தச் சொல்லில்தான். இன்று பனுவல் என்றால் இலக்கியப் பிரதி. ஆய்வு மாணவர்கள் நாளுக்கு நூறுமுறை எழுதுகிறார்கள். சங்கப் பாட்டில் அதற்குப் பஞ்சு என்றும் பொருள். புறநானூற்று 125ஆம் பாட்டில், சுட்டு எடுத்த கொழுத்த இறைச்சித் துண்டின் மென்மைக்குப் பருத்திப் பெண்ணின் பனுவல் உவமை. நற்றிணை 353இல் கபிலர், துணையில்லாத பெண்கள் தம் உழைப்பால் செய்த மிக நுண்ணிய பனுவலை மலைமேல் தவழும் மேகத்துக்கு ஒப்பிடுகிறார். இரண்டிலும் நமக்குத் தெரிவது முறுக்கேறிய நூல் அல்ல; கோது நீக்கி, விரலால் நெகிழ்த்து, ஆவிபோல ஆக்கிய பஞ்சு. நுண்மை என்னும் அடைமொழியையும் கவனிக்க வேண்டும். வள்ளுவர் ஊழ் அதிகாரத்தில் கல்விநூலுக்குத் தரும் அடைமொழியும் 'நுண்ணிய' என்பதே. கைக்குப் பிடிபட்ட நுண்மைதான் பிறகு அறிவுக்குப் பெயராயிற்று என்று நான் கொள்கிறேன்.

புறநானூறு 326ஐயும் விட்டுவிட முடியாது. காட்டுப் பூனைக்கு அஞ்சி இரவில் ஒரு பெட்டைக்கோழி அலறுகிறது. பருத்தியின் தூசும் செத்தையும் புடைக்க எழுந்த பெண்ணின் சிறு விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் சேவல் நிற்பதைக் கண்டு அடங்குகிறது. பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். தாமும் கைவேலைக்காரர் என்பதால்தான் இரவில் எரியும் இன்னொரு கைவேலைக்காரியின் விளக்கு அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

பனுவலின் வேர் 'பன்னு'. பன்னுதல் என்றால் பஞ்சை நொய்தாக்குதல். ஆராய்ந்து சொல்லுதலும் அதுவே. 'பன்னல்' என்றால் பருத்தி. புறநானூற்றில் பருத்தி வேலி சூழ்ந்த ஓர் ஊருக்கு அந்தச் சொல் அடைமொழியாக வருகிறது. சீவக சிந்தாமணியில் பன்னிய பஞ்சுக் குன்றைத் தீ முகக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் பஞ்சு வேலையையும் பேச்சையும் ஒரே சொல்லின் கீழ் வைத்திருக்கிறது. பஞ்சுப் பொருள் வழக்கிலிருந்து போய்விட்டது. பேச்சுப் பொருள் மட்டும் 'பன்னிப் பன்னிச் சொல்லாதே' என்று வீட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் ஒன்றா இரண்டா! பூத்தொடுப்பவளின் தொடைதான் எதுகைக்கும் மோனைக்கும் பொதுப்பெயர். கட்டுவது யாப்பு. தறியில் ஓடும் பாவும் புலவன் பாடும் பாவும் எழுத்தில் ஒன்று. 'ஓத்து' என்பதற்குத் தொல்காப்பியர் தரும் விளக்கமே ஓரின மணிகளை வரிசையாக வைப்பது. திரித்தால் வருவது திரி. மொழியைத் திரித்தால் திரிசொல். பொய் சொல்பவனைக் 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம். மொழியைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே நம் முன்னோர் வீட்டுத் திண்ணையில் நடந்த வேலைகளைத்தான் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

நூற்கும் கருவிக்குத் தமிழ்ப்பெயர் கதிர். தெலுங்கில் கதுரு, கன்னடத்தில் கதிர். தக்களி வடக்கிலிருந்து வந்த பெயர். பெயர்தான் புதிது, பொருள் புதிதன்று. கீழடியிலும் கொடுமணலிலும் சுடுமண் தக்களி வில்லைகள் கிடைத்திருக்கின்றன. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறிய பிறகு ராட்டை இங்கே வீட்டுப் பொருளாயிற்று. பின்னால் வந்த 'அம்பர் சர்க்கா' என்னும் ராட்டையின் பெயரை ஆடை எனப் பொருள்படும் அம்பரத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். அதை உருவாக்கிய தமிழர் ஏகாம்பரநாதனின் பெயரில் பாதி அது.

என் அம்மா ராட்டை சுற்றியதில்லை. கொல்லையில் இரண்டு பருத்திச் செடிகள் வைத்திருந்தார், விளக்குத் திரிக்காக. கடையில் கட்டுக்கட்டாகத் திரி கிடைத்தபோதும் வாங்கமாட்டார். பிற்பகலில் வெடித்த காய்களை முறத்தில் போட்டுக்கொண்டு, கொட்டை நீக்கி, பஞ்சை இழை இழையாகப் பிரித்து, மறுபடி சேர்த்து, மறுபடி பிரித்துக்கொண்டே இருப்பார். பக்கத்து வீட்டு அத்தையும் வந்து உட்காருவார். பேச்சு ஆரம்பிக்கும். நேற்றுச் சொன்ன அதே சங்கதி. ஆனால் இன்று அதில் ஒரு சிக்கல் கூடுதலாக அவிழும். மறுநாள் அதே சங்கதி இன்னும் கொஞ்சம் மெலிந்து, தெளிந்து வரும். அத்தையின் அண்ணன் ஏன் வீட்டைவிட்டுப் போனார் என்பதை அந்த முறத்தின் எதிரே உட்கார்ந்துதான், பல மாதங்களில், நான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

பேச்சைக் குறித்த சொல் பஞ்சுக்குப் போயிற்றா, பஞ்சைக் குறித்த சொல் பேச்சுக்கு வந்ததா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதற்குக் கல்வெட்டுச் சான்று என்னிடம் இல்லை. அந்த முறத்தை நான் பார்த்திருக்கிறேன். பஞ்சுதான் முந்தியது.