கோயில் வாசலில் நின்ற சாட்சி



வரலாறு என்றதும் ஏட்டையும் கல்வெட்டையும் தேடுகிறோம். தடயங்களை எல்லாம் ஒருவன் திட்டமிட்டு அழித்துவிட்டால் வரலாற்றை எங்கே தேடுவது? மனிதரின் நினைவில்தான். அப்படித் தேடி எடுக்கப்பட்ட விவரணப்படம் ஒன்றைப் பற்றி இந்த ஜூபிலி மலரில் எழுத விரும்புகிறேன்.

போலந்து நாட்டில் ஹெல்ம்னோ என்றொரு சிற்றூர். 1941 டிசம்பர் முதல் நாஜிகள் யூத மக்களை மூடிய லாரிகளில் அடைத்து, நச்சுப் புகையால் கொன்ற இடம் அது. மாண்டோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். உடல்களை எரித்தார்கள், சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். தப்பியவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

பிரெஞ்சு இயக்குநர் க்ளோட் லான்ஸ்மான் 1974-இல் தொடங்கி, 1985-இல் வெளியிட்ட படம் 'ஷோவா'. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் இப்படத்தில் பழைய செய்திப்படத் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. தப்பியவர்கள், அருகிருந்து பார்த்தவர்கள், கொடுமை செய்தவர்கள் ஆகியோர் தம் வாயாலேயே பேசுகிறார்கள். 2023-இல் யுனெஸ்கோ இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தப்பியவர்களுள் ஒருவர் சீமோன் ஸ்ரெப்னிக். ஹெல்ம்னோவில் அடிமை வேலை செய்தபோது அவர் பதின்மூன்று வயதுச் சிறுவன். இனிய குரல் படைத்தவன் ஆகையால், காவலர்கள் ஆற்றுப் படகில் அவனைப் பாட வைப்பார்கள். 1945 ஜனவரியில் தலையில் சுடப்பட்டும் பிழைத்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், லான்ஸ்மான் அவரை அதே ஊருக்கு அழைத்து வந்தார்.

அன்று தேவதாயின் பிறந்தநாள் திருவிழா. ஆலய வாசலில் ஊரார் ஸ்ரெப்னிக்கைச் சூழ்ந்து கொண்டு மகிழ்கிறார்கள். யூதர்களை இந்த ஆலயத்தினுள்ளேயே அடைத்து வைத்திருந்ததையும், லாரிகள் வாசல்வரை வந்ததையும், உள்ளிருந்து எழுந்த ஓலத்தையும் விவரிக்கிறார்கள். இது ஏன் நேர்ந்தது என்ற கேள்வி எழுகிறது. கிறிஸ்துவின் இரத்தப்பழி யூதர்மேல் வந்தது என்னும் பொருள்படும் கதையை ஒருவர் சொல்கிறார். நடுவில் நிற்கும் ஸ்ரெப்னிக் ஒரு சொல்லும் பேசவில்லை.

குருவாகிய என்னை உலுக்கும் காட்சி இது. ஆண்டவருடைய பாடுகளின் பழியை அக்கால யூதர் அனைவர்மேலும், இக்கால யூதர்மேலும் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் தெளிவாக அறிவித்திருந்தது. ஆயினும், பல்லாண்டுகளுக்குப் பின்னரும் ஆலய வாசலில் பழைய பழிச்சொல் உயிரோடு இருந்தது! ஏடு மட்டும் படித்திருந்தால் சங்கத்தின் அறிக்கையே நமக்குத் தெரிந்திருக்கும். மக்கள் உள்ளத்தில் கிடந்தது தெரிந்திராது. வாய்மொழி வரலாற்றின் பயன் இதுவே. நடந்ததையும் சொல்லும், சொல்பவர் நெஞ்சில் இன்னும் எஞ்சியிருப்பதையும் காட்டிவிடும்.

அந்த ஊரார் கொடியவர் அல்லர். நம்மைப் போலத் திருவிழாப் பூசைக்கு வந்தவர்கள். ஆகவே, நம் முதியோர் பழங்கதை பேசும்போது அமர்ந்து கேளுங்கள், குறித்தும் வையுங்கள். அக்கதையில் அயலான்மேல் பழி ஏதும் ஒட்டியிருந்தால், அதை அடுத்த தலைமுறைக்குக் கொடாதிருங்கள்.

பங்குத் தந்தை