மூன்று டிஃபரன்ஷியல்களும் ஒரு பழைய சண்டையும்

நாலு சக்கரமும் இழுத்தால் கார் எந்த வளைவையும் விழுங்கிவிடும் என்றுதான் மலேசியாவின் கிள்ளானில் உள்ள என் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் நினைக்கிறார்கள். வார இறுதியில் சிப்பாங் தடத்தில் ஓட்டக் காசு கட்டியிருப்பார்கள். காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும், "அண்ணே, நடு டிஃப்பை இறுக்கிக் கொடுங்க" என்பார்கள். நேர்ரோட்டில் கிளம்புகிறவரை அவர்கள் நினைப்பு சரிதான். வளைவில் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு தூரம் உருள்கின்றன. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதா, பிடித்து நிறுத்துவதா, பிடித்தால் எவ்வளவு? நாலு சக்கர இழுவை பந்தயத்துக்கு வந்த நாள் முதல் சண்டை இதைப் பற்றித்தான்.

அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் கருவிதான் டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப். அது மோட்டார் காரைவிட மூத்தது. பிரான்சில் கடிகாரத் தொழில் தெரிந்த ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக 1827இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஓர் அச்சில் இரண்டு சக்கரங்களுக்கு ஒன்று போதும். நான்கையும் இழுக்க வைத்தால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று என மூன்று வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903இலேயே ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோடு நாலு சக்கரமும் இழுக்கும் காரைச் செய்து காட்டியது. ஆனால் அந்த வித்தையைத் தடப் பந்தயத்தில் ஜெயிக்க வைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஜெயிக்க வைத்தது டிராக்டரால் பெயர் பெற்ற ஹாரி ஃபெர்குசனின் ஆராய்ச்சிக் கம்பெனி. அங்கே உருவான பி99 காரை 1961 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஓல்ட்டன் பார்க்கில் ஸ்டெர்லிங் மோஸ் ஓட்டினார். தடம் ஈரம்; மற்றவர்கள் சறுக்க, மோஸ் கோல்ட் கப்பை வென்றார். உலகப் பட்டத்துக்குக் கணக்கில்லாத பந்தயம்தான். ஆனாலும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றை ஜெயித்த ஒரே நாலு சக்கர இழுவைக் கார் இன்றுவரை அதுதான். அதைப் பார்க்க ஃபெர்குசன் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

1969இல் லோட்டஸ், மாத்ரா, மெக்லாரன், காஸ்வொர்த் நான்கும் இதே வழியில் இறங்கிச் சூடு பட்டுக்கொண்டன. எடை கூடியது, சக்தி கியர்களிலேயே தேய்ந்தது. அதைவிட மோசம், திருப்பவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும் என்று இரட்டை வேலை வாங்கப்பட்ட முன்டயர்கள் இரண்டையும் அரைகுறையாகச் செய்தன. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் கார் வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போனது. பொறியாளர்கள் முன்னுக்குப் போகும் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதற்குள் அகல டயரும் இறக்கையும் வந்து, பின்சக்கர இழுவைக்கே போதுமான பிடி கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு அந்த வகைக் கார்கள் எடுத்த ஒரே பாயிண்ட், கனடாவில் மாத்ரா ஆறாவதாக வந்தபோது கிடைத்தது.

தார்த்தடம் கைவிட்டதை மண்ரோடு எடுத்துக்கொண்டது. ஃபோக்ஸ்வேகன் இல்டிஸ் என்னும் ராணுவ வண்டி பின்லாந்துப் பனியில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஆடி நிறுவனத்தின் யோர்க் பென்சிங்கருக்கு நாலு சக்கர இழுவைக் கார் யோசனை பிறந்தது. 1980இல் குவாட்ரோ வெளிவந்தது. 1981இல் ஸ்வீடன் ராலியை ஹன்னு மிக்கோலாவும், சான்ரெமோவை மிஷேல் மூட்டோனும் அதில் வென்றார்கள். உலக ராலி ஒன்றை ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை. ஆனால் குவாட்ரோவின் ஐந்து சிலிண்டர் இன்ஜின் முன்னச்சுக்கும் முன்னால் தொங்கியது. நடு டிஃப்பைப் பூட்டினால் சேற்றில் அபாரம். கெட்டித் தாரில் மூக்கு மறுபடியும் நேராகவே போகப் பார்த்தது. இடது காலால் பிரேக்கைத் தொட்டு வாலை ஆட்டித்தான் ஓட்டுநர்கள் அதைத் திருப்பினார்கள். பிறகு ஸ்போர்ட் குவாட்ரோவில் அச்சுகளுக்கு நடுவே 32 சென்டிமீட்டரை வெட்டி எறிந்தார்கள்.

ஃபெர்குசன் வழிவந்தவர்கள் இதற்கிடையே விஸ்கஸ் கப்ளிங்கைச் செப்பனிட்டிருந்தார்கள். மூடிய உருளைக்குள் துளையிட்ட தகடுகள், ஒன்றுவிட்டு ஒன்று முன்தண்டோடும் பின்தண்டோடும் சேர்ந்திருக்கும். நடுவே சிலிக்கோன் திரவம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றினால் அது சும்மா இருக்கும். ஒரு பக்கம் வழுக்கி வேகமெடுத்தால் திரவம் இழுபட்டுச் சூடேறி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பூட்டுக்கும் திறப்புக்கும் இடைப்பட்ட நிலை ஒன்று அப்படித்தான் கைக்கு வந்தது. லான்சியா டெல்டா இதை நடுவில் வைத்துக்கொண்டது. 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டும் தயாரிப்பாளர் பட்டம் லான்சியாவுக்கே. மிட்சுபிஷி லான்சர் எவோவின் முதல் மூன்று வடிவங்களிலும் நடுவில் இருந்தது இதுதான்.

இங்கேதான் கதை எங்கள் பட்டறைகளுக்குள் நுழைகிறது. 1993இல் வந்த புரோட்டோன் வீராவும் முதல் மூன்று எவோக்களும் ஒரே லான்சர் உடலில் பிறந்தவை. ஜப்பானில் பழைய காரை வைத்திருப்பது செலவு. அதனால் பாதியாக வெட்டிய கார்கள் 'ஹாஃப் கட்' என்ற பெயரில் மலேசியாவுக்குக் கப்பலேறி வந்தன. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்டிஃப், பின்பக்கச் சட்டம் எல்லாவற்றையும் எடுத்து வீராவில் ஏற்றுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. 1996இல் வந்த எவோ 4இல் இன்ஜினையே 180 டிகிரி திருப்பிப் போட்டார்கள். அது வீராவில் எளிதில் உட்காராது; அதனால் எவோ 3க்கு மவுசு குறையவே இல்லை. 2002இல் ஈப்போக்காரர் கரம்ஜிட் சிங் புரோட்டோன் பெர்ட்டில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டம் வாங்கினார். அந்தக் காரின் உள்ளுடம்பும் எவோதான். அன்று முதல் நாலு சக்கர இழுவை என்பது செம்பனைத் தோட்டத்து மண்ரோட்டில் ஓட்டும் பையனுக்கும் எட்டுகிற கனவாகிவிட்டது.

கனவை வாங்கியாயிற்று, காரைத் திருப்ப வேண்டுமே. ஹாஃப் கட்டில் வந்த விஸ்கஸ் கப்ளிங்குக்கு வயதாகியிருக்கும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தினாலே தெரியும்: டயர் உதறி, யாரோ பிடித்து இழுப்பதுபோல் கார் நின்றால் திரவம் கெட்டுத் தகடுகள் இறுகிவிட்டன. அப்படிப்பட்ட காரில்தான் 'இன்னும் இறுக்கு' என்கிறார்கள்.

நான் முதலில் கை வைப்பது பின்டிஃப்பில். ஹேண்ட்பிரேக்கை இறக்கி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவேன். ஹப் நட்டில் டார்க் ரெஞ்ச் வைத்துத் திருப்பினால், சக்கரம் அசையத் தொடங்கும் நொடியில் முள் காட்டுவதுதான் பிரீலோட், அதாவது டிஃப்பின் ஆரம்ப இறுக்கம். உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தால் முள் ஏறவே ஏறாது. புதுத் தகடு போட்டால் திறந்த இடத்தில் எட்டு வடிவத்தில் மெதுவாக ஓட்டிப் பழக்கி, எண்ணெயை மாற்றிய பிறகே தடத்துக்கு அனுப்புவேன். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் பிடிப்பது ஒன்வே, விடும்போதும் அதே அளவு பிடிப்பது டூவே. விடும்போது குறைவாகப் பிடிக்கும் ஒன்றரை வேதான் பழகுகிறவர்களுக்கு நல்லது. பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது மூக்கு விறைத்துக்கொள்ளாது.

டிஃப்பும் சஸ்பென்ஷனும் தனித்தனிக் கணக்கு இல்லை. கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் பின்பக்க ஆன்ட்டி ரோல் பாரைத் தடிமனாக்கினால் எடைச் சாய்வின் பெரும்பங்கைப் பின்டயர்கள் சுமக்கும், முன்டயர்களுக்கு மூச்சு கிடைக்கும். ஆனால் வளைவின் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும். டிஃப் திறந்த வகையாக இருந்தால் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றிப் பின்பக்க இழுவையே போய்விடும். ஆகவே பாரை மாற்றுமுன் டிஃப்பைப் பார். சிப்பாங்கின் 9ஆவது, 15ஆவது வளைவுகள் கொண்டை ஊசிகள். பாரும் டிஃப்பும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்பதை அந்த வளைவுகளே சொல்லிவிடும். முன்சக்கரங்களின் சாய்வுக் கோணமான கேம்பரை மைனஸ் இரண்டரை, மூன்று டிகிரிக்குக் கொண்டுபோவதும், ஓட்டுநர் எடையையும் சீட்டில் ஏற்றி நான்கு மூலைகளின் பாரத்தைத் தராசில் சரிபார்ப்பதும் சஸ்பென்ஷன் வேலையில் சேர்ந்தவை. மண்ரோட்டுக்கு ஸ்பிரிங் மென்மையாகவும் சக்கரம் ஏறி இறங்க இடம் அதிகமாகவும் வேண்டும். தடத்து செட்டிங்கை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

பெரிய கம்பெனிகளும் இதே சண்டையில்தான் இருந்தன. சுபாரு நடு டிஃப்பின் இறுக்கத்தை ஓட்டுநர் விரலுக்கே கொடுத்தது. மிட்சுபிஷி எவோ 4இல் பின்டிஃப்பையும் எவோ 7இல் நடு டிஃப்பையும் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. உலக ராலி விதிகள் 2011இல் நடு டிஃப்பையே தூக்கின. 2017இல் திருப்பிக் கொடுத்து 2022இல் மறுபடியும் எடுத்துவிட்டன. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முடிவான பதில் யாரிடமும் இல்லை.

ஆனால் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. டயர், அலைன்மென்ட், நான்கு மூலை பாரம்; அடுத்து பின்டிஃப்; அதற்கு ஏற்ற ரோல் பார்; கடைசியில்தான் நடு டிஃப். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை நோட்டில் எழுதி வையுங்கள். முன்டயரைத் திரும்ப விடுங்கள் தம்பி, இழுக்கும் வேலையைப் பின்டயர் பார்த்துக்கொள்ளும்.