எல்லைக்குப் பொறுப்பு யார்?

தமிழ்நாட்டில் பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறு வந்தால், அரசுக்குக் கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து, புலப்படத்தை வைத்து அளந்து காட்டச் சொல்லலாம். அவர் சொல்வதை ஏற்பதும் மறுத்து மேல்முறையீடு செய்வதும் பிறகு. 1923-ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி அவர் காட்டும் எல்லைக் கல்லுக்குப் பின்னால் அரசு நிற்கிறது. அமெரிக்காவில் தனியார் நிலத்துக்கு இப்படியொரு துறை இல்லை. அங்கே அளப்பவர் உரிமம் பெற்ற தனியார் சர்வேயர். உரிமம் தருவது மாநிலம். ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம். அங்குள்ள தொழில்முறை சர்வேயர்களின் தேசியச் சங்கத்தால் ஒருவருக்கு உரிமம் தரவும் முடியாது, இருப்பதைப் பறிக்கவும் முடியாது. அதிகாரமே இல்லாத இந்தச் சங்கத்தின் வேலைதான் என்ன என்று கேட்டால், யார் அளக்கலாம் என்பதை மாநிலங்கள் முடிவு செய்தன, அளந்தவர் எதையெல்லாம் காட்டிக் கொடுக்கக் கடன்பட்டவர் என்பதைச் சங்கம்தான் எழுதி வைத்தது என்பேன். நிலம் வாங்குபவருக்கு முதலாவதைவிட இரண்டாவதே பெரிய பாதுகாப்பு.

இந்த நிலை ஏன் வந்தது என்பதற்கு 1785-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய நிலச் சட்டம், ஒஹையோ ஆற்றுக்கு அப்பால் இருந்த நிலத்தை ஆறு மைல் சதுரங்களாகப் பிரிக்கச் சொன்னது. ஒவ்வொரு சதுரத்திலும் 36 துண்டுகள். துண்டுக்கு 640 ஏக்கர். அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடிகளின் எல்லைகளுக்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை. புதிய அரசுக்குப் போர்க்கடனை அடைக்கப் பணம் வேண்டியிருந்தது. விற்பதற்கு முன் அளந்தாக வேண்டும். 66 அடிச் சங்கிலியோடு காட்டுக்குள் போனவர்களுக்கு மைலுக்கு இவ்வளவு என்று கூலி. மூலைகளில் கம்பமோ கல்லோ நட்டு, பக்கத்து மரங்களில் கோடரியால் வெட்டி அடையாளம் வைத்தார்கள். 1805-இல் வந்த சட்டம் இன்னொரு முக்கியமான காரியத்தைச் செய்தது: அரசு சர்வேயர் நட்ட மூலையே உண்மையான மூலை, அளவில் பிழை இருந்தாலும் அதை மாற்றக்கூடாது. ஆனால் நிலம் கைமாறியதும் அரசு விலகிக்கொண்டது. கம்பம் மக்கியது, மரம் விழுந்தது, கல்லை ஏர் புரட்டிப் போட்டது. அந்த மூலை எங்கே இருந்தது என்று தேடிச் சொல்லும் பொறுப்பை அரசு யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

மைல் கணக்கில் கூலி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியா சாட்சி. 1870களிலும் 80களிலும் ஜான் பென்சன் என்பவரைச் சுற்றி இயங்கிய கூட்டம், கால் வைக்காத இடங்களுக்கெல்லாம் அளவைக் குறிப்புகளை எழுதிக் கொடுத்து அரசிடம் பணம் வாங்கியது. ஒப்பந்த முறையே 1910-இல்தான் ஒழிந்தது. என்றாலும் மோசடிக்காரர்களைவிட நேர்மையான சர்வேயர்களால் வந்த தொல்லை சிக்கலானது. நல்ல கருவியோடு வந்த அடுத்த தலைமுறை, பழைய சங்கிலி அளவைத் திருத்தத் தொடங்கியது. அளவு சரிதான், ஆனால் அதன்படி கோடு நகர்ந்தால் பல ஆண்டுகளாக நின்ற வேலியும் வீடும் திடீரென்று அடுத்தவர் நிலத்தில் போய் நிற்கும். மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் கூலி 1878-இல் ஒரு வழக்கில் இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். மூலை எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது கேள்வியல்ல, எங்கே நடப்பட்டது என்பதே கேள்வி. அடையாளம் அழிந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் நெடுங்காலம் ஒப்புக்கொண்டு வாழ்ந்த வேலி, புதிய அளவையைவிட நல்ல சாட்சி என்பது அவர் நிலைப்பாடு. 1880களின் தொடக்கத்தில் அதையே சர்வேயர்கள் கூடிய சபையில் உரையாக நிகழ்த்தினார். சர்வேயருக்கு நீதிபதியின் அதிகாரம் கிடையாது, ஆனாலும் ஊரார் அவர் சொல்லைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே அவர் சாட்சியங்களை எடைபோடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அவர்களிடமே சொன்னார். நில சர்வேயருக்கு உரிமம் கேட்கும் முதல் மாநிலச் சட்டம் கலிபோர்னியாவில் வந்தது 1891-இல்தான். ஆக, தொழிலின் அறம் இன்னதென்ற பேச்சு, சட்டம் வருவதற்கு முன்பே தொழில் செய்வோரின் சபையில் தொடங்கிவிட்டது.

உரிமம் பரவிய பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. தேர்வில் தேறிய இருவரில் ஒருவர் நான்கு கோடு போட்டு மூலைகளில் தூரம் எழுதிக் கொடுக்கலாம். இன்னொருவர் பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருப்பதையும், குறுக்கே ஓடும் நடைபாதையையும் காட்டலாம். இரண்டுமே சர்வே என்றுதான் விற்கப்பட்டன. இந்த வேறுபாட்டால் நேரடியாகக் கை சுட்டுக்கொண்டவை நில உரிமைக் காப்பீட்டு நிறுவனங்கள். வில்லங்கம் பார்த்துச் சொன்னவர் தவறாகச் சொல்லியும் பொறுப்பில்லை என்று பென்சில்வேனியா நீதிமன்றம் 1868-இல் தீர்த்ததன் தொடர்ச்சியாக, 1876-இல் பிலடெல்பியாவில் முதல் நிறுவனம் பிறந்தது. பத்திரத்தில் தெரியும் குறைக்கு அவை ஈடு தரும். சரியான சர்வேயில் மட்டுமே தெரியக்கூடிய குறையை விலக்கி வைத்துவிடும். அந்த விலக்கை நீக்க வேண்டுமானால், பார்த்திராத ஊரில் யாரோ வரைந்த படத்தை நம்பியாக வேண்டும். 1941-இல் தொடங்கிய அமெரிக்க சர்வே மற்றும் வரைபடப் பேரவையும் காப்பீட்டாளர் சங்கமும் சேர்ந்து, நிலம் அளந்த படத்தில் குறைந்தது எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று 1962-இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டன. பேரவை 2012-இல் தேசியச் சங்கத்தோடு இணைந்தது. 2016 பதிப்பிலிருந்து விதிகள் சங்கத்தின் பெயரையே தாங்கி வருகின்றன.

அந்த விதிகளைப் படித்தால் அளவைக் கருவியைப் பற்றிய பகுதி சிறியது. 2 சென்டிமீட்டரோடு, பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு தூரத்தைக் கூட்டி வருவதே ஏற்கத்தக்க பிழை வரம்பு என்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு 7 சென்டிமீட்டர். இந்தத் துல்லியம் அளவைக்கு மட்டுமே உரியது. எல்லை எங்கே என்பதை எல்லைச் சட்டத்தின் கோட்பாடுகளே முடிவு செய்யும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. நீதிபதி கூலி சொன்னதன் சாரம் இதுதான். மீதியெல்லாம் சாட்சியங்களின் பட்டியல்: கண்டெடுத்த அடையாளங்கள், பக்கத்துப் பத்திரத்தோடு விழும் இடைவெளி அல்லது மேற்படிதல், பொதுச் சாலைக்கு வழி, எல்லை தாண்டிய கட்டடம், பிறர் பயன்படுத்துவதற்கான தடயங்கள், இடுகாடுகள். வாங்குபவருக்குப் பிடிக்காத செய்தியையும் படத்தில் வைக்க வேண்டிய கட்டாயத்தை இது சர்வேயர் மேல் ஏற்றுகிறது. அதே விதி அவருக்குக் கவசமும் ஆகிறது. இதை விட்டுவிடுங்கள் என்று விற்பவர் நெருக்கினால், முடியாது என்று சொல்ல அவரிடம் எழுத்து இருக்கிறது.

தொழில்முறைச் சங்கங்கள் எல்லாம் விலையை ஏற்றி வைக்கும் கூட்டணிகள்தானே என்று கேட்பவர்களுக்கு வரலாறு ஆதாரம் தருகிறது. வழக்கறிஞர்கள் நில உரிமை ஆய்வுக்கு வைத்திருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பொறியாளர்களின் தேசியச் சங்கம் போட்டி ஏலத்துக்கு விதித்திருந்த தடையை அதே நீதிமன்றம் 1978-இல் நீக்கியது. பொதுநலன் என்ற பெயரில் விலையைக் காப்பது எவ்வளவு எளிது என்பதை அவை காட்டின. அந்தக் குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1962 விதிகள் எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை, எவ்வளவு செய்ய வேண்டும் என்று சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் சர்வேயர்கள் மட்டுமல்ல. படம் தவறினால் தங்கள் பணத்தை இழக்கும் காப்பீட்டாளர்களும் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து எழுதினார்கள். வாங்குபவரின் பக்கம் ஒருவர் இருந்தாலே கூட்டணி கடினமாகிவிடும்.

செயற்கைக்கோளும் டிரோனும் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பது இன்றைய கேள்வி. மிசிசிப்பியில் பத்திர விவரங்களை வைத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு வரைந்து வங்கிகளுக்கு விற்ற நிறுவனத்தை உரிம வாரியம் தடுத்தபோது, அந்தத் தடை பேச்சுரிமைப் பரிசோதனைக்கு உட்பட்டது என்றது 2020-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். வட கரோலினாவில் டிரோன் வழியே அளவையோடு கூடிய வரைபடங்கள் தர விரும்பியவருக்கு எதிராக மாநிலச் சட்டத்தை 2024-இல் இன்னொரு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. உரிம வேலி எங்கே முடிய வேண்டும் என்பதில் நீதிபதிகளே ஒத்துப்போகவில்லை. அந்த வேலியைச் சங்கங்கள் அளவுக்கு மீறி உயர்த்தினால் தோற்கவும் வேண்டும். பத்திரத்தில் உள்ள எண்களைப் படத்தில் ஏற்றுவது யாருக்கும் கூடும். ஆனால் அந்த எண்கள் புதைந்த கல்லோடு பொருந்துகின்றனவா என்று மண்ணைத் தோண்டிப் பார்க்கும் கடமை யாருக்கு என்பதை எந்தக் கருவியும் எழுதித் தராது.

எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. இந்த விதிகள் கேட்டுப் பெறுபவருக்கே கிடைக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் வணிக வளாகம் வாங்குபவர்களும் அவர்களுக்குக் கடன் தரும் வங்கிகளும். சாதாரண வீடு வாங்கும் குடும்பம் பல இடங்களில் முழு சர்வே இல்லாமலே கையெழுத்திடுகிறது. அவர்களுக்குத் தாங்கக்கூடிய செலவில் குறைந்தபட்ச அளவை எது என்று 1962-ஐப் போல மேசையில் உட்கார்ந்து எழுதும் பொறுப்பும் இந்தச் சங்கத்துடையதே. ஆனால் இம்முறை மேசையின் மறுபக்கம் காப்பீட்டாளர் இருந்தால் போதாது, வீட்டுக்காரர்களின் சார்பில் பேசுபவர்கள் இருக்க வேண்டும்.